வாசல் மரத்துக்கும் ஒரு குடம் நீர்!

விடியற்காலையில் எழுந்து, வாசல் தெளித்து, புள்ளி வைத்து அழகாக ஒரு கோலம் போட்டு முடிக்கிறீர்கள். காவி இட்டுவிட்டு நிமிர்வதற்குள், எதிரே நிற்கும் வேப்பமரம் பழுத்த இலைகளை அதன் மேல் உதிர்த்துவிடுகிறது. ‘இந்த மரத்தோடு தினமும் இதே பாடாகப் போச்சு’ என்று அலுத்துக்கொள்ளாத இல்லத்தரசி உண்டா?

அதே நாம்தான், திங்கட்கிழமையும் அமாவாசையும் சேர்ந்து வந்தால், ‘இன்று அமாசோமவாரம்’ என்று கோயிலுக்கு ஓடுகிறோம். அங்கே நிற்கும் அரச மரத்தை 108 முறை பக்தியோடு வலம் வருகிறோம். அதன் வேரில் பிரம்மாவும், நடுவில் மகாவிஷ்ணுவும், உச்சியில் பரமசிவனும் வாசம் செய்வதாகச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

கோயிலில் நின்றால் தெய்வம், தெருவில் நின்றால் தொந்தரவு! இது நியாயமா அம்மா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு தலம் இருக்கிறது. வாருங்கள், திருவானைக்காவுக்குப் போவோம்.

இலை உதிர்ந்தது, சிலந்தி என்ன செய்தது?

திருச்சியில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே அமைந்திருக்கும் அற்புதத் தலம் திருவானைக்கா. பஞ்சபூதத் தலங்களுள் இது நீருக்கு உரியது. அன்னை அகிலாண்டேஸ்வரி, சுவாமி ஜம்புகேஸ்வரர். ஜம்பு என்றால் நாவல். வெண்ணாவல் மரமே இங்கு தலவிருட்சம். ஊரின் பெயரைக் கவனித்தீர்களா? ‘கா’ என்றால் சோலை. யானை வழிபட்ட சோலை, ஆனைக்கா!

அந்த நாளில் இது கோபுரமும் மதிலும் இல்லாத வனம். ஒரு வெண்ணாவல் மரத்தடியில் சிவலிங்கம் வெயிலிலும் மழையிலும் இருந்தது. மரத்திலிருந்து சருகுகள் சுவாமியின் திருமேனியில் விழுவதை ஒரு சிலந்தி பார்த்தது. மனசு தாங்கவில்லை. தன் வாயிலிருந்து நூலை இழுத்து, சுவாமிக்கு மேலே ஒரு பந்தல் பின்னியது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். சருகு விழுகிறதே என்று சிலந்தி மரத்தின் மேல் கோபப்படவில்லை. ‘இந்த மரமே வேண்டாம்’ என்று நினைக்கவில்லை. மரமும் இருக்கட்டும், சுவாமிக்கும் குறை வராமல் இருக்கட்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தது. அற்ப ஜீவன்தான்... ஆனால் எத்தனை பெரிய புத்தி!

அதே சுவாமியிடம் ஒரு யானையும் பக்தி வைத்திருந்தது. தினமும் துதிக்கையில் நீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்து, பூவைச் சாத்தி வணங்கும். அதன் கண்ணுக்குச் சிலந்தியின் பந்தல் வெறும் அழுக்காகத் தெரிந்தது. ‘சுவாமிக்கு மேலே யார் இப்படி நூலாம்படை சேர்த்தது?’ என்று துடைத்தெறிந்தது. சிலந்தி மறுபடி பின்னியது. யானை மறுபடி அழித்தது. கடைசியில் ஆத்திரம் தாளாத சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, வலி பொறுக்காத யானை துதிக்கையைத் தரையில் ஓங்கி அடிக்க, இரண்டுமே உயிரை விட்டன.

இரண்டின் பக்தியும் சத்தியம். அதனால் பரமேஸ்வரன் யானையையும் ஆட்கொண்டார். சிலந்தியைச் சோழர் குலத்தில் கோச்செங்கட் சோழனாகப் பிறக்கச் செய்தார். அந்த மன்னன் யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினான் என்பது வரலாறு. பாருங்கள், ஜென்மம் மாறியும் அந்தப் பழைய மனத்தாங்கல் மறையவில்லை!

ஒருவர் செய்யும் தொண்டு இன்னொருவர் கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்ததால் வந்த வினை இது.

நம் தெருவிலும் அதே சண்டை

இப்போது உங்கள் பிறந்த ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றி நாலு வீதி, ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் நிலையம், ஊர் முனையில் ஏரி. அந்தத் தெருவில் ஒரு புங்க மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எத்தனை பேர் வருகிறார்கள், பாருங்கள்!

மின்சாரக் கம்பியில் உரசுகிறது என்று மின்வாரிய ஊழியர் ஒரு பக்கத்துக் கிளையை முழுவதும் வெட்டுகிறார். விளக்கு எரிய வேண்டுமே, அவர் செய்வதும் சேவைதான். வாய்க்கால் கட்டுகிறவர் வேரை அறுக்கிறார். கொசு இல்லாமல் இருக்க வேண்டுமே, அதுவும் சேவைதான். சேறு இல்லாமல் நடக்க வசதியாக, அடிமரம் வரை சிமென்ட் பூசுகிறார்கள். கடைக்காரர் போர்டை ஆணி அடித்து மாட்டுகிறார். தேரோட்டம் வருகிறது என்று வடம் பிடிக்கும் வீதியில் கிளைகளைக் கழிக்கிறார்கள். நாமோ, இலை கொட்டுகிறது என்று வெட்டச் சொல்கிறோம்.

யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்வதாகவே நினைக்கிறார்கள். ஆனாலும் மரம் செத்துப் போகிறது! ஒரு பக்கம் மட்டும் கிளை இழந்து, வேரும் அறுபட்ட மரம், புயல் வந்தால் சாயாமல் வேறு என்ன செய்யும்? அது வீட்டின் மேல் சாய்ந்த பிறகு, ‘மரமே ஆபத்து’ என்று பழி சொல்கிறோம்.

திருவானைக்காவில் யானையும் சிலந்தியும் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாயில்லா ஜீவன்கள், பேச முடியவில்லை. நம்மால் முடியும் அல்லவா?

தேருக்காகக் கிளை கழிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தேரின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, இடிக்கும் கிளையை மட்டும் அது பிறக்கும் இடத்துக்கு அருகில் சுத்தமாக வெட்டினால், காயம் விரைவில் மூடிக்கொள்ளும். உச்சியையே மொட்டையடித்தால், வெட்டுவாயில் அழுகல் இறங்கும். பக்கத்தில் கிளம்பும் புதுக் கிளைகளும் பலமில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு சின்னக் காற்றுக்கே முறியும். ஒரு வார்த்தை பேசி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் தேரும் ஓடும், மரமும் வாழும்.

பிள்ளையாய் வளர்த்த தாய்கள்

அம்பிகையே மரம் வளர்த்த கதை மத்ஸ்ய புராணத்தில் வருகிறது. பார்வதி தேவி ஓர் அசோகக் கன்றைத் தன் பிள்ளையாகப் பாவித்து நீர் ஊற்றி வளர்த்தாள். ‘இதனால் என்ன பலன்?’ என்று கேட்டவர்களிடம் தேவி ஒரு கணக்குச் சொன்னாள். கிணற்றைவிடக் குளம், குளத்தைவிட ஏரி, ஏரியைவிடப் பிள்ளை என்று பத்துப் பத்தாகப் புண்ணியத்தைப் பெருக்கிக்கொண்டே போய், பத்துப் பிள்ளைகளுக்குச் சமம் ஒரு மரம் என்று முடித்தாள்!

புராணத்தில்தானே என்று நினைக்காதீர்கள். நம் காலத்திலேயே ஒரு தாய் இதைச் செய்து காட்டினார். கர்நாடக மாநிலம் மாகடி தாலுகாவில் உள்ள ஹுலிகல் கிராமத்தைச் சேர்ந்த திம்மக்கா. குழந்தைப் பாக்கியம் இல்லை. கூலி வேலை செய்துவந்த அவரும் கணவர் சிக்கய்யாவும், ஹுலிகல்லில் இருந்து குதூர் என்ற சிற்றூருக்குப் போகும் சாலையோரத்தில் ஆலங்கன்றுகளை நட ஆரம்பித்தார்கள்.

முதல் வருடம் 10 கன்று. அடுத்த வருடம் 15. மூன்றாம் வருடம் 20. ஒரே நாளில் ஆயிரம் நட்டுவிட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இல்லை. கன்றுகளுக்காக நான்கு கிலோமீட்டர் தூரம் குடங்களில் நீர் சுமந்தார்கள். ஆடு மாடு கடிக்காமல் முள்வேலி கட்டினார்கள். மழைக்காலம் பார்த்து நட்டார்கள். அப்படி வளர்ந்தவை 385 ஆலமரங்கள்! ‘சாலுமரத’ திம்மக்கா, அதாவது வரிசை மரங்களின் திம்மக்கா என்று ஜனங்கள் அவரை அன்போடு அழைத்தார்கள். 2019-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருது வாங்க ராஷ்டிரபதி பவனுக்குப் போன அந்தப் பாட்டி, ஜனாதிபதியின் நெற்றியைத் தொட்டு ஆசீர்வதித்ததை நாடே பார்த்து நெகிழ்ந்தது.

அதே 2019-ல், சாலை அகலப்படுத்தும் பணிக்காக அந்த மரங்களுக்கே ஆபத்து வந்தது. திம்மக்கா சும்மா இருக்கவில்லை. மாநில முதலமைச்சரிடமே முறையிட்டார். மாற்று வழி பார்ப்பதாக அரசு சொன்னது. பெற்ற பிள்ளைக்காகத் தாய் போய் நிற்பது போலத்தான் இதுவும். 2025 நவம்பரில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் வளர்த்த ஆலமரங்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நடுவது சங்கல்பம், நீர் ஊற்றுவதே பூஜை

பிறந்த நாள், கிருஹப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று நல்ல நாளில் கன்று நடுவது இப்போது பெருகியிருக்கிறது. மிகவும் சந்தோஷம். ஆனால் சங்கல்பம் செய்துவிட்டுப் பூஜையே செய்யாமல் எழுந்து போவோமா? அப்படித்தான், நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதும்!

எந்த மரம் நடலாம்? ‘என் நட்சத்திரம் மகம், ஆலமரம் நட வேண்டுமாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. பூசத்துக்கு அரசு, ரோகிணிக்கு நாவல் என்றும் சொல்வார்கள். தாராளமாக நடுங்கள். ஆனால் இடம் பார்த்து நடுங்கள். ஆலும் அரசும் ஏரிக்கரைக்கும் கோயில் திடலுக்கும் உரியவை. குறுகலான தெருவில் வைத்தால் சுவரைப் பிளக்கும். பத்து வருடத்தில் யாராவது வெட்டுவார்கள், அந்தப் பாவம் யாருக்கு? அகலமான தெருவுக்குப் புங்கம், வேம்பு, மகிழம், புன்னை போன்றவை ஏற்றவை. மேலே மின்கம்பி போகிறதா? மந்தாரை, பவழமல்லி போல உயரம் குறைந்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். பூஜைக்குப் பூவும் ஆயிற்று!

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். ஐப்பசி மழை துவங்கும் நேரம் நட்டால் பாதி வேலையை வருணபகவானே பார்த்துக்கொள்வார். ஆள் உயரக் கன்றாக இருந்தால் ஆடு மேயாது. கழி நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று கோடைகளை அது தாண்டிவிட்டால் பிறகு உங்களை எதுவும் கேட்காது. அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குடம் நீர் போதும்.

தெருவோரத்தில் நடுவதற்கு முன் பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எங்கே போகின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பொது இடத்து மரத்தை நாமாக வெட்டவும் கூடாது. முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். கிளை ஆபத்தாகத் தொங்குகிறது என்றால் நாலு வீட்டுப் பெண்களாகச் சேர்ந்து மனு எழுதிக் கொடுங்கள். ‘மரத்தை எடுங்கள்’ என்று எழுதாமல், ‘கிளையை மட்டும் கழித்துத் தாருங்கள்’ என்று எழுதுங்கள்.

பக்தியிலும் கவனம் வேண்டும்

மரத்தடியில் விளக்கேற்றுகிறீர்களா? அடிமரத்தை ஒட்டி வைக்காதீர்கள். சுடர் பட்டால் பட்டை கருகும்; பட்டை வழியாகத்தான் மரத்தின் ஆகாரம் வேருக்குப் போகிறது. ஒரு தட்டில் வைத்துத் தள்ளி வையுங்கள். மஞ்சள் நூல் சுற்றலாம். அது தானே இற்றுப்போகும். நைலான் கயிறும் கம்பியும் மரம் பெருக்கும்போது கழுத்தை நெரித்துவிடும். உடைந்த சுவாமி படங்களைக் கண்ணாடியோடு மரத்தடியில் கொண்டுபோய் வைப்பது மரத்துக்கும் மரியாதை இல்லை, சுவாமிக்கும் மரியாதை இல்லை.

பக்தியோடு மேடை கட்டுபவர்களும் மண் தெரிய இடம் விடவேண்டும். டெல்லி மரங்கள் தொடர்பாக 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபோது, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட் கூடாது என்றது. மழைநீர் இறங்கவும் வேர் மூச்சு விடவும் அந்த இடம் வேண்டும்.

நீங்கள் சமையலறையிலிருந்தே இந்தக் கைங்கர்யத்தைத் தொடங்கலாம். அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் சாக்கடையில் கொட்டாமல் அந்தக் கன்றுக்கு ஊற்றுங்கள். சோப்பு நீர் மட்டும் வேண்டாம். கோலத்தின் மேல் விழுந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் அந்த மரத்தடியிலேயே குவியுங்கள். அது மக்கி, அதற்கே உரமாகும்.

சருகைக் கண்டதும் பந்தல் பின்னிய சிலந்தியின் புத்தியும், நாள் தவறாமல் நீர் சுமந்த யானையின் பொறுமையும் நம் வீட்டு வாசலில் ஒன்று சேரட்டும். அவை இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால், நம் தெருவே ஓர் ஆனைக்கா ஆகிவிடும்! நாளைக் காலை கோலம் போட்டு முடித்ததும், வாளியில் மீதமிருக்கும் நீரோடு நாலடி எடுத்து வையுங்கள். அகிலத்தையே ஆளும் அன்னை அகிலாண்டேஸ்வரி உங்கள் குடும்பத்தையும், உங்கள் தெரு மரத்தையும் தழைக்க வைப்பாள்!