விலை கொடுத்தவனும் களவு கொள்வதோ?

பொருளில்லாதவன் களவை நாடினால் உலகம் சினந்தாலும் ஓரளவு இரங்கும். விலை கொடுக்க வல்லவன், அதிலும் பல்லாண்டு விலை கொடுத்து வந்தவன், மீண்டும் களவுப் படத்தை நாடுவது ஏன்? திருட்டு வி.சி.டி.யின் காலம் முடிந்ததென எண்ணியிருந்த நம் இல்லங்களிலேயே இவ்வினா இன்று எழுந்துள்ளது.

காரணம் இல்லாமல் இல்லை. 2015-இல் ஹாட்ஸ்டாரும், 2016-இல் நெட்பிளிக்ஸும் அமேசான் பிரைம் வீடியோவும் நம் நாட்டில் தொடங்கியபோது, சந்தா செலுத்தி வீட்டிலிருந்தே நேர்மையாகப் படம் காணும் வழி பிறந்தது. தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு அது பெரும் பேறாகத் தோன்றிற்று. நாளடைவில் படங்கள் பல தளங்களுக்குச் சிதறின. ஒவ்வொன்றிற்கும் தனிச் சந்தா வேண்டியதாயிற்று. 2023 ஜூலையில் நெட்பிளிக்ஸ், கடவுச்சொல்லை வேறு வீட்டாருடன் பகிர்வதைத் தடுத்தது. 2025 ஜூனில் பிரைம் வீடியோ, சந்தா செலுத்தியோருக்கும் விளம்பரங்களைக் காட்டத் தொடங்கி, அவை வேண்டாதோர் மாதம் 129 ரூபாய் மேலும் தருக என்றது. பட்டியலில் இருந்த படமும் உரிமைக்காலம் முடிந்ததும் மறைந்துவிடுகிறது. வாங்கியதாக எண்ணியவன், தான் வாடகைக்குக் குடியிருப்பவனே என்பதை அப்போது உணர்கிறான். அவன் மனக்குறை நியாயமானது.

அக்குறை களவுக்கு உரிமை தருமா என்பதே அறவினா. புலம்பெயர்ந்த நமக்கு இன்னொரு சமாதானமும் கைவசம் உண்டு. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளின் செவியில் தமிழ் விழுவது பெரும்பாலும் திரைப்படத்தின் வழியாகத்தான். ஆதலின், ‘மொழிக்காகவே இதைச் செய்கிறோம்’ என்கிறோம். 2020-இல் மறையும் வரை ஊரறிந்திருந்த தமிழ்ராக்கர்ஸ் என்னும் களவுத்தளமும் தமிழின் பெயரைத்தான் சூடிக்கொண்டிருந்தது. நல்ல பெயரைச் சூட்டுவதால் செயல் நல்லதாகிவிடாது.

இவ்வினாவிற்கு நம் மைசூரிலேயே ஒரு விடை கிடைக்கிறது. இங்குள்ள கீழ்த்திசை நூலகத்திற்கு 1905-இல் வந்து சேர்ந்த சுவடியிலிருந்து, அர்த்தசாத்திரத்தை 1909-இல் அச்சேற்றினார் ஆர். சாமசாஸ்திரி. அந்நூலின் நான்காம் பகுதி, வணிகர் மக்களை வஞ்சியாதவாறு அரசன் காக்க வேண்டிய முறையைக் கூறுகிறது. திருடரைக் கண்டறியும் முறையையும் அதே பகுதி கூறுகிறது. வணிகன் செய்த வஞ்சனைக்குத் தண்டனை தனி. திருடன் செய்த களவுக்குத் தண்டனை தனி. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துவிட இயலாது.

மேலும், தளத்தார்மீது சினந்து நாம் எடுக்கும் படம் தளத்தாருடையது மட்டுமன்று. அதில் கடன்பட்ட தயாரிப்பாளரும், இரவெல்லாம் விழித்து உழைத்த தொழிலாளரும் உள்ளனர். நமக்குத் தவறிழைத்தவர் ஒருவர்; நாம் பறிப்பது வேறொருவரிடமும் ஆகிறது. படத்தைக் களவாகப் பதிவு செய்வோருக்கு 2023-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. நடுக்கூடத்தில் அமர்ந்து அதைப் பார்ப்பவனை விசாரிக்க அவனுடைய மனச்சான்றே வரவேண்டும்.

அவ்வாறாயின் வழிதான் என்ன? சந்தாவை நிறுத்திவிடுதல் நேர்மையான எதிர்ப்பு; விற்பவனுக்கு அது தெளிவாகப் புரியும். ஒரு மாதம் ஒரு தளம் எனச் சுழற்சியாகவும் பெறலாம். வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் கழிந்த இந்தியப் படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. அவற்றைச் சங்கங்கள் திரட்டிக் காட்டலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை இணையத்தில் விலையின்றியே வழங்கி வருகிறது. பாரதியின் எழுத்துகளும் எவரும் பறித்ததனால் பொதுவுடைமையாகவில்லை. அரசு 1949-இல் உரிமையைப் பெற்றுப் பின்னர் மக்களுக்கு வழங்கியதனால் ஆயின. நேர்மையாகப் பெற்றுக் கொடுப்பதனாலேயே நிலையான பொதுச்செல்வம் வளரும்.

அன்பர்களே! அயலூரில் நம் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும், ஐயமில்லை. ஆயின் அத்தமிழோடு அவன் எதைச் சேர்த்துக் கற்கிறான் என்பதையும் நாம் எண்ண வேண்டும். ஒரு படத்தைக் காணாமல் விடுவதால் அவன் தமிழ் குறைந்துவிடாது. ‘நாம் ஏமாற்றப்பட்டோம், ஆதலால் எடுத்துக்கொள்ளலாம்’ என்று தந்தை சொல்லக் கேட்டானாயின், அச்சொல்லை அவன் திரைப்படத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டான்.