தொங்கிய கை யார் குற்றம்?

ஒரு துன்பம் நேர்ந்தவிடத்து அதனை நீக்கும் வழி யாது என்று வினவுவாரைக் காட்டிலும், அதற்குக் காரணமானவர் யாவர் என்று வினவுவாரே நம்முள் பலர். பின்னைய வினாவுக்கு விடை காண்பது எளிது; விரலை நீட்டினாற் போதும். முன்னைய வினாவுக்கு விடை காண உழைக்க வேண்டும். இவ்விரண்டினுள் அறத்தின்பாற்பட்டது எது என்பதை ஆராய, பிறந்த குழந்தையின் கை ஒன்றை எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன்.

தைப்பிங் நகரத்திலாயினும், அதனைச் சூழ்ந்து முன்னர் ரப்பரும் இப்பொழுது பெரிதும் செம்பனையும் நிற்கும் தோட்டப்புறங்களிலாயினும், ஒரு வீட்டை மனத்தில் நிறுத்துவோம். தலைப்பிள்ளை, கனத்த குழந்தை, பிரசவம் கடினமாயிற்று. தாயும் சேயும் உயிருடன் வீடு திரும்பினர். ஆயினும் குழந்தையின் வலக்கை அசையவில்லை. தோள் உட்புறமாகத் திரும்பி, முழங்கை மடங்காமல் நீண்டு, உள்ளங்கை பின்னோக்கியபடி அது பக்கத்தில் கிடக்கின்றது. இடக்கையோ காற்றைத் துழாவிக்கொண்டேயிருக்கின்றது. பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும் ஒரு காரணத்தைக் கையோடு கொண்டுவருகின்றனர். கிரகணத்தன்று மருமகள் வாசலுக்கு வந்தாள் என்கின்றார் ஒருவர். ஜாதகத்தில் தோஷம் என்கின்றார் இன்னொருவர். முற்பிறப்பின் வினை என்று பெருமூச்சு விடுகின்றார் மூன்றாமவர். தாதி இழுத்துவிட்டாள் என்கின்றார் சிற்றப்பா. இனிப்பைத் தின்று பிள்ளையைப் பெருக்கவிட்டாள் என்று மாமியார் முணுமுணுக்கின்றார். இத்தனை பேர் பேசியும், அந்தக் கையை எவ்வாறு தாங்குவது, எவ்வாறு சட்டை போடுவது என்று சொன்னவர் ஒருவரும் இலர்.

நடந்தது யாதெனில், கழுத்தில் முதுகுத்தண்டிலிருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று பின்னித் தோளின் வழியே கைக்கு இறங்குகின்றன. பிரசவத்தில் தலை வெளிவந்த பின்னர்ச் சில வேளைகளில் குழந்தையின் தோள் தாயின் முன்னிடுப்பெலும்பின் பின்னே சிக்கிக்கொள்ளும். அந்நிலையில் நிமிஷங்களே உண்டு. குழந்தைக்கு மூச்சு வேண்டும். அவசரத்தில் தலைக்கும் தோளுக்கும் இடையே அந்நரம்புகள் இழுபடுகின்றன. சிலபோது அறுந்தும் போகின்றன. ஏறத்தாழ ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்றில் இவ்வாறு நேர்கின்றது. பிரான்சில் டுஷேன் 1872இலும், ஜெர்மனியில் எர்ப் 1874இலும் இதனை விளக்கினர்; எர்ப் பெயராலேயே இவ்வாதம் இன்றும் வழங்குகின்றது. கீழ்வேர்கள் கெட்டு விரல்கள் செயலிழக்கும் வகையை 1885இல் விளக்கியவர் அகுஸ்தா குளும்கே என்னும் பெண்மணி. பெண்களை உள்ளுறை மருத்துவராகச் சேர்த்துக்கொள்ளப் பாரிஸ் மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்நாட்டின் முதல் இரயில் ஓடியதும் அதே ஆண்டிற்றான். இரயிலை நாம் உடனே ஏற்றுக்கொண்டோம். அறிவை ஏற்றுக்கொள்ளத்தான் நாள் பிடிக்கின்றது.

தாய்க்கு நீரிழிவு இருப்பதும், குழந்தை மிகப் பெரிதாயிருப்பதும் இவ்விபத்துக்கு இடந்தருவன என்பது மெய்யே. நம்மவரிடையே நீரிழிவு மிகுதியாதலால், கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிப்பது கட்டாயம் வேண்டும். ஆயினும், இவற்றுள் ஒன்றும் இல்லாத பிரசவங்களிலும் தோள் சிக்குகின்றது. முன்கூட்டி அறிதல் பெரும்பாலும் இயலாது. தேர்ந்த கைகளிலும் இது நேர்ந்திருக்கின்றது. வயிற்றைக் கிழித்தெடுத்த குழந்தைக்கும் அரிதாக நேர்ந்திருக்கின்றது. ஆகவே, எடுத்த எடுப்பிலேயே மருத்துவச்சியின்மேல் பழி போடுவது நியாயமாகாது. கவனக்குறைவு உண்டாயிற்று என்று ஐயுற்றால் கேள்வி கேட்பது பெற்றோரின் உரிமை, கேட்கவும் வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அது நேராதிருக்க அவ்விசாரணை உதவும். ஆனால் விசாரணை வேறு, வசை வேறு. வசையால் எந்த நரம்பும் துளிர்த்ததில்லை.

விதியைச் சொல்வாருக்கு ஒன்று சொல்வேன். ஊழைப் பற்றி 38ஆம் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, ஆள்வினையுடைமை என்று 62ஆம் அதிகாரத்தையும் வகுத்திருக்கின்றார். நம் வீடுகளில் முதலதை ஓதியவர்கள் அங்கேயே ஏட்டை மூடிவிட்டார்கள் போலும்!

நிற்க. இவ்விஷயத்தில் பொய்ந்நம்பிக்கை எவ்வாறு வளர்கின்றது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். இக்குழந்தைகளுள் பெரும்பாலோருக்குக் கை தானாகவே திரும்புகின்றது. இழுபட்டு அறாத நரம்பு சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். கெட்டது மீண்டும் வளர வேண்டுமாயின், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். கழுத்திலிருந்து மேற்கைத் தசைவரை அது ஊர்ந்து சேர மாதங்கள் செல்லும். இந்த இடைக்காலத்தில் ஒருவர் தாயத்துக் கட்டுகின்றார். ஒருவர் கோயிலில் நேர்ந்துகொள்கின்றார். ஒருவர் தைலம் போட்டு முறுக்கி நீவுகின்றார். கை அசைந்தால் புகழ் தாயத்துக்கு. அசையாவிடின், தாய் நோன்பைச் சரிவரக் காக்கவில்லை என்பார்கள். வெற்றியெல்லாம் கயிற்றுக்கும் தோல்வியெல்லாம் பெற்றவளுக்கும் என்று பங்கு பிரிக்கும் இக்கணக்கை எந்தக் கடைக்காரனாவது ஒப்புவானா? கயிறாவது தீங்கு செய்யாது; முறுக்கி நீவுவதோ காயப்பட்ட நரம்பையும், சிலபோது பிரசவத்தில் உடைந்திருக்கும் காறையெலும்பையும் மேலும் வருத்தும்.

இம்மூடத்தனம் ஏழைத் தோட்டத்தொழிலாளிக்கே உரியது என்று எண்ணுதல் தவறு. 1859 ஜனவரி 27ஆம் நாள் பெர்லின் அரண்மனையில், விக்டோரியா மகாராணியின் மகள் ஓர் ஆண்மகவை ஈன்றார். கால்பக்கமாக வந்த கடும் பிரசவம், இடக்கை வாதமுற்றது. அக்குழந்தையே பிற்காலத்தில் ஜெர்மன் சக்கரவர்த்தியான இரண்டாம் வில்லியம். அக்கைக்குச் செய்த வைத்தியங்களைக் கேளுங்கள். அப்பொழுதே கொன்ற முயலின் சூடான உடலுக்குள் அதனை வைத்தார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள், கழுத்தை நேராக்க ஒரு பொறியைப் பூட்டினார்கள், கெட்ட கையைப் பயன்படுத்துமாறு நல்ல கையைக் கட்டிப் போட்டார்கள். கை வளர்ச்சி குன்றிக் குட்டையாகவே நின்றது. புகைப்படங்களில் அவர் அதனை வாளின் பிடியிலோ கையுறையைப் பற்றுவதிலோ மறைத்து நிற்பதைக் காணலாம். பதினெட்டே வயதான அவர் தாய் அக்கையை நினைந்து நினைந்து நொந்தார். அந்நோவு மகனுக்கும் தாய்க்கும் இடையே கசப்பாக முற்றியது. 1914ஆம் ஆண்டின் மகாயுத்தத்துக்கு அந்தக் கையே காரணம் என்று எழுதுவாரும் உண்டு, அது மிகை. ஆனால், குழந்தையின் உறுப்பு ஒன்று குடும்பத்தின் வெட்கமாக ஆக்கப்பட்டால், உறுப்பினும் உள்ளமே மிகுதியாக ஊனமுறும் என்பதற்கு அவ்வரண்மனை சாட்சி.

மூடநம்பிக்கையை விட்டொழித்தவர்களும் வேறொரு பிழை செய்கின்றனர். ‘கவலைப்படாதே, தானே சரியாகிவிடும்’ என்பதே அது. அன்பினால் எழும் சொல்தான். பலருக்கு மெய்யாகியும் விடுகின்றது. ஆனால் சிலருக்கு ஆகாது. மூன்று மாத அளவில் முழங்கையை மடக்கும் தசை விழித்துக்கொள்ளவில்லையாயின், நரம்பு அறுவை வல்லுநரிடம் குழந்தையைக் காட்டுதல் வேண்டும். காலிலிருந்து எடுத்த நரம்பை ஒட்டுவது முதலான சிகிச்சைகளுக்கு முதல் ஆண்டின் முற்பகுதியே தக்க பருவம். அப்பருவம் கழிந்தால், நரம்பின்றி நெடுநாட் கிடந்த தசை நரம்பு வந்து சேர்ந்தாலும் எழாது. எட்டாம் மாதத்திலும் ‘சரியாகிவிடும்’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர், ஆறுதல் கூறுவதாக எண்ணிக்கொண்டு குழந்தையின் காலத்தைத் திருடுகின்றார். ‘இனி அவ்வளவுதான், கைம்முடம்’ என்று இரண்டாம் வாரத்திலேயே தீர்ப்புக் கூறுபவரும் அதே திருட்டைத்தான் செய்கின்றார். இருவருடைய சொல்லும் முடிவது ஒன்றிலேயே: கையைக் கட்டிக்கொண்டிருத்தல்.

மெய்யான நம்பிக்கை நாட்காட்டியை வைத்துக்கொண்டு வேலை செய்யும். தைப்பிங்கில் மருத்துவமனை 1880இலேயே, ஈயச் சுரங்கக் காலத்திலேயே எழுந்தது, நமக்குப் புதிதன்று. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை மருத்துவரிடமும் உடலியக்கச் சிகிச்சையாளரிடமும் கையைக் காட்டுக. மூச்சு வாங்கினாலோ, அதே பக்கத்துக் கண்ணிமை தாழ்ந்து தோன்றினாலோ உடனே தெரிவிக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கலாகாது. கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. சட்டை போடும்போது நோயுற்ற கையை முதலில் நுழைத்தும், கழற்றும்போது அதனைக் கடைசியில் எடுத்தும் பழக வேண்டும். ஏணையில் இட்டால் அக்கை உடலின் கீழ் அகப்படாமலும் வெளியே தொங்காமலும் பார்த்துக்கொள்க. எப்பொழுது தொடங்கலாம் என்று சிகிச்சையாளர் சொன்ன பின்னர், அணையாடை மாற்றுந்தோறும் அவர் கற்பித்தபடி மூட்டுகளை மெல்ல அசைத்துவர வேண்டும். மேற்கையை விலாவோடு ஒட்ட வைத்து, முழங்கையை மடக்கி, முன்கையை வெளிப்புறமாகத் திருப்புதல் இவற்றுள் முக்கியமானது. இதனைக் கைவிட்டால், நரம்பு மீண்டாலும் தோள்மூட்டு இறுகி நின்றுவிடும். மெல்லிய துணியால் அக்கையைத் தடவுக. விரல்களை வாயருகே கொண்டுசெல்க. தனக்கு இரண்டு கைகள் உண்டு என்பதைக் குழந்தையின் மூளை மறந்துவிடலாகாது.

இவ்வளவையும் தாய் ஒருத்தியே செய்வாள் என்று நாம் எண்ணுவதிலேயே பழைய வசை மறைந்திருக்கின்றது. 2023 ஜனவரி முதல் தனியார் தொழிலில் மகப்பேற்று விடுப்பு 98 நாள். தந்தைக்கு 7 நாள். முழங்கை மடங்குகின்றதா என்று பார்க்கும் அந்த மூன்றாம் மாதமும், தாய் வேலைக்குத் திரும்பும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கின்றன. முன்னாளில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவள் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனாள். அத்தனை குழந்தைகளுக்கு நடுவே ஒரு கையை எடுத்து அசைக்க அந்த ஆயாவுக்கு நேரம் ஏது? இன்று கொட்டகை போய்விட்டது. தொழிற்சாலை முறைவேலையும், பிள்ளை பார்க்கும் அடுத்த வீட்டு அம்மாளும் வந்திருக்கின்றனர். ஆகையால் பயிற்சியைக் கற்க வேண்டியவர்கள் தந்தையும், பாட்டியும், அந்த அம்மாளுமே. சிகிச்சை நாளன்று முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டியவரும் தாய் மட்டுமல்லர். கிரகணத்தைப் பற்றிப் பேசிய அதே மாமியாரைத்தான் அடுத்த தடவை சிகிச்சையறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கிரகணத்தைப் பற்றி அவருடன் வழக்காட இன்னும் பல்லாண்டு உண்டு. குழந்தையின் தோளை வெளிப்புறமாகத் திருப்ப அவர் இந்த வாரமே கற்றுக்கொள்ள வேண்டும்.