தவணை நீதிபதியும் தராசும்

தலைநகரில் குடியேறிய நம்மவருட் பலர் அரசுப் பணியாளர். மோதி பாக் குடியிருப்பில் வாழும் நமக்குத் 'தகுதிகாண் பருவம்' என்னும் தொடரின் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அப்பருவத்தில் நாம் எழுதிய குறிப்பு மேலதிகாரிக்கு உவப்பாயிராவிடின், அவர் மறுப்பு எழுதமாட்டார். ஓரத்தில் பென்சிலால் 'பேசுக' என்று மட்டும் எழுதி அனுப்புவார். போய்ப் பேசுவோம், புதிய தாளில் புதிய குறிப்பு எழுதப்படும். இதனைக் குற்றமென்று நாம் கருதியதுமில்லை; குடும்பம் இருக்கிறது, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும்.

இத்தகைய தவணைக்கு நீதிபதியையும் உட்படுத்தலாமா என்பதே நம் வினா.

நம் அரசியலமைப்பின் 224ஆம் பிரிவு, உயர்நீதிமன்றத்துக்குக் கூடுதல் நீதிபதிகளை ஈராண்டுக்கு மிகாமல் அமர்த்த இடந்தருகிறது. தவணை முடிகையில் அவர் நிலைபெறலாம், நீட்டிப்புப் பெறலாம், வீட்டுக்கும் போகலாம். டில்லி மாவட்ட நீதிபதியாயிருந்த ஓ. என். வோரா, 1979 பிப்ரவரியில் திரைப்படச் சுருள்களை அழித்த வழக்கில் சஞ்சய் காந்திக்கும் வி. சி. சுக்லாவுக்கும் சிறைத் தண்டனை விதித்தார். அடுத்த மாதம் உயர்நீதிமன்றக் கூடுதல் நீதிபதியானார். 1980இல் ஆட்சி மாறியது. உச்சநீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. 1981 மார்ச்சில் தவணை முடிந்தபோது மூன்று திங்கள் மட்டும் நீட்டிப்பு. ஜூனில் அதுவும் இல்லை. தீர்ப்பே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அன்று என்று அறுதியிட்டுரைக்கவும் எவராலும் இயலவில்லை. அவர் உயர்த்தப்பட்டதையும் ஐயுறுவோர் ஐயுறலாம், விடப்பட்டதையும் ஐயுறலாம். தவணையின் தீமை இதுதான்: நேர்மையான காரணமே இருப்பினும் அது நம்பப்படுவதில்லை. அவருடன் விடப்பட்ட எஸ். என். குமார் உச்சநீதிமன்றத்தில் போராடினார். 1981 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு அவருக்குத் துணைநிற்கவில்லை.

அரசினிடம் விடாமல் மக்களிடமே விட்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அவ்வழக்கமே உண்டு. நம் உறவினர் பிள்ளைகள் அங்கிருந்து வந்து வியப்புடன் கூறுவர். எதிர்த்து நிற்பவர் எவருமில்லை, 'இந்நீதிபதி தொடரலாமா?' என்னும் வினாவுக்கு ஆம், இல்லை என்று வாக்களிப்பதோடு சரி. 1940இல் மிசௌரி மாநிலம் கைக்கொண்ட முறை இது. பெரும்பாலும் 'ஆம்' என்றே வரும். கீழ்நீதிமன்ற நீதிபதியின் பெயரைக்கூட வாக்காளர் பலர் அறியார். ஆயினும் பென்சில்வேனியாவின் விசாரணை நீதிபதிகளுடைய தண்டனைகளை ஆராய்ந்து 2004இல் இருவர் வெளியிட்ட முடிவு யாதெனின், வாக்கெடுப்பு நெருங்க நெருங்கச் சிறைக்காலம் நீள்கிறது என்பதே. தேர்தலுக்கு நெடுநாள் முன்பு தண்டனை பெற்றவன் நற்பேறுடையவன் போலும்! நம் அலுவலகத்துப் பென்சிலை அங்கே ஊரே கையில் வைத்திருக்கிறது.

அங்ஙனமாயின் நீதிபதியை அசைக்கவே இயலாதபடி அமர்த்திவிடுவதா? அதிலும் இடர் உண்டு. 1993 மே மாதம் உச்சநீதிமன்ற நீதிபதி வி. இராமசாமியைப் பதவி நீக்கும் தீர்மானம் மக்களவைக்கு வந்தது. ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுமில்லை, 205 உறுப்பினர் வாக்களியாதிருந்தனர். தீர்மானம் வீழ்ந்தது. அவர் நம் தமிழ்நாட்டவர் என்பதற்காக நாம் இதனை மறைத்தல் ஆகாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டை இங்கே நினைக்கிறோம். அங்குக் குடவோலையால் எடுக்கப்பட்டோர் நீதிபதிகள் அல்லர், வாரியத்தார்; எனினும் முதற் பராந்தகன் காலத்து அவ்விதி நுட்பமானது. ஓராண்டு பணி செய்தவர் அடுத்த மூன்றாண்டுகள் மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவருக்கு இடமே இல்லை. பொறுப்புக் கேட்டனர், ஆனால் உடனே மறுபடியும் வருவதற்காக யாரையும் மகிழ்விக்கும் தேவையை அறுத்துவிட்டனர். இவ்விரண்டையும் பிரித்தறிந்த தெளிவு பின்னாளில் நமக்கு வாய்க்கவில்லை.

நெருக்கடிநிலையின்போது, 1975 ஜூலையில் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் மிசாவில் சிறைப்பட்டார். அவர்தம் மனைவியார் தொடுத்த வழக்கை டில்லி உயர்நீதிமன்றத்தில் எஸ். ரங்கராஜன், ஆர். என். அகர்வால் ஆகிய இருவரும் கேட்டனர். அகர்வால் அப்போது கூடுதல் நீதிபதி, தவணையில் இருந்தவர். தீர்ப்புக்குச் சில நாட்களுக்கு முன் அரசு கைதியை விடுவித்துவிட்டது. இனித் தீர்ப்பு வேண்டுவதில்லை என்றும் கூறியது. கோப்பை மூடுவதற்கு இதனினும் நல்ல காரணம் வேறென்ன வேண்டும்? நாமாயிருப்பின் மூடியிருப்போம், பிழையென்று எவரும் சொல்லியிருக்கவும் மாட்டார். செப்டம்பர் 15ஆம் நாள் அவ்விருவரும் தீர்ப்பை வழங்கினர்: அச்சிறைவைப்புச் செல்லாது. ரங்கராஜன் பின்னர்க் கௌகாத்திக்கு மாற்றப்பட்டார். அகர்வால் உயர்நீதிமன்றத்தினின்றும் இறங்கி, மீண்டும் அமர்வு நீதிபதியாய்ப் பணியாற்றச் சென்றார். 1977இல் ஆட்சி மாறிய பின்னரே திரும்பி வந்தார்.