மன்னரின் மனசாட்சி

1990 மார்ச் இறுதியில், கருக்கலைப்பை நிபந்தனைகளுடன் அனுமதிக்கும் சட்டத்தை பெல்ஜிய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆழ்ந்த கத்தோலிக்கரான மன்னர் போதுவான் கையொப்பமிட மறுத்தார். மன்னர் ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருந்தால் அவரது அதிகாரம் அமைச்சரவையைச் சேரும் என்ற அரசியலமைப்புப் பிரிவைப் பிரதமர் வில்ஃபிரீட் மார்ட்டென்ஸ் பயன்படுத்தினார். அமைச்சர்களே சட்டத்தில் கையொப்பமிட்டார்கள். ஏப்ரல் 5 அன்று நாடாளுமன்றம் மன்னரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. நோய்க்கும் சிறைப்படுவதற்கும் எண்ணிய பிரிவை மனசாட்சிக்கு நீட்டியது சட்டத் தந்திரம் என்று அன்றே கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அடிப்படையான ஓர் உண்மையை அந்த ஏற்பாடு மதித்தது: நம்பிக்கை மனிதருடையது, கையொப்பம் பதவியுடையது. மன்னரின் மறுப்பு அவரைத்தான் விலக்கிவைத்தது, மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் முடிவைத் தடுக்கவில்லை.

மனசாட்சி உறுத்தினால் முடிதுறப்பதே நேர்மை அல்லவா என்று கேட்கலாம். சாதாரண அதிகாரிக்கு அந்த வாதம் பொருந்தும். தான் விரும்பித் தேர்ந்த வேலையை அவர் விடலாம். மன்னரோ பிறப்பால் அந்த இடத்துக்கு வந்தவர். அதோடு, பிளெமிஷ் மொழியினரும் பிரெஞ்சு மொழியினரும் பிளவுபட்ட நாட்டில், முடிதுறப்பு ஒரு சட்டத்துக்கான எதிர்ப்பை அரசின் நெருக்கடியாகவே மாற்றியிருக்கும். எனினும் இந்த வழியை வழக்கமாக்க முடியாது. 2008இல் கருணைக்கொலைச் சட்டத்துக்கு ஒப்புதல் தர லக்சம்பர்க் கோமகன் ஹென்றி மறுத்தபோது, அந்நாடு அரசியலமைப்பையே திருத்தி, சட்டங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தை நீக்கியது. அதன்பின் கோமகன் அவற்றைப் பிரகடனம் மட்டுமே செய்வார். இதுவே தெளிவான வழி என்று கருதுகிறேன். பிரகடனம் ஒரு சாட்சியம். சட்டம் முறைப்படி நிறைவேறியது என்று சொல்வதற்கு அதை நல்லது என்று நம்ப வேண்டியதில்லை.