காஃபூர் மரத்தின் நிழலில்



சுவனத்திலே நல்லடியார்கள் அருந்தும் பானத்தில் காஃபூர் கலந்திருக்குமென்று 76-வது அத்தியாயத்தில் வல்ல நாயன் அறிவிக்கின்றான். நம்மில் ஒருவர் மவுத்தானால் கடைசித் தண்ணீரில் கற்பூரம் சேர்த்தே மையித்தைக் குளிப்பாட்டுகின்றோம். நாயகம் (ஸல்) அவர்கள் தமது அருமை மகளார் வபாத்தானபோது கற்பித்த முறை அது. அந்தக் காஃபூரைத் தந்த மரம் எங்கே என்று கேட்டால், சுங்கை பூலோவில் இருபது வருஷமாய்க் கல்லாவில் இருப்பவரும் விழிக்கின்றார். அம்மரம் நமக்குப் பக்கத்துக் கெப்போங்கிலேயே நிற்கின்றது!

மலாய்க்காரர்கள் அதைக் கப்பூர் என்பர். பழைய நாளில் அரபிகள் விரும்பி வாங்கிய கற்பூரம் சுமத்திராவின் பரூஸ் துறையிலிருந்து போயிற்று. அதே பரூஸில் 1088-ல் ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகர் கூட்டத்தார் கல்வெட்டு வைத்தார்கள். ஆக, இது நம் தொழிலின் மூத்த சரக்குகளில் ஒன்று. (இன்று கடையில் நாம் விற்கும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்தது, மரத்தினுடையது அன்று.) சில மரங்களின் வயிரத்தில்தான் கற்பூரம் கட்டியாயிருக்கும். எதில் இருக்கிறதென்று வெளியே தெரியாததால், ஒரு கட்டிக்காகப் பல மரங்களை வீழ்த்தினார்கள். அது என்ன வியாபாரம், சகோதரர்களே? முதலை வெட்டி லாபம் தேடுவதல்லவா?

கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் 1929-ல் ஏற்பட்டது. ஈயம் தோண்டி எடுத்தபின் வறண்டு கிடந்த மண்ணிலே கன்று கன்றாய் நட்டு, 500 ஹெக்டேருக்கு மேல் காடாக்கினார்கள். 2025-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழி. நட்டவர்கள் யாராயிருந்தாலும், அங்கே உண்ணும் கூட்டத்தைப் போய்ப் பாருங்கள்.

கப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து நோக்கினால் ஓர் அதிசயம் தெரியும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடுவதில்லை. சிறு இடைவெளி விட்டு நின்றுவிடும். அந்தச் சந்துகள் வழியே வெளிச்சம் ஓடைபோலத் தெரியும். பக்கத்து மரத்தின் நிழலைத் தளிர் நுனி உணர்ந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதாகக் கருதுகிறார்கள். ஐந்தடி நடைபாதையில் அடுத்த கடையின் எல்லைக்குள் மூட்டையைத் தள்ளி வைப்போர் நம்மிலுமுண்டு. அவர்கள் அவசியம் ஒருமுறை அங்கே போய்வருவது நலம்.

இப்பால் கோத்தா டாமன்சாராவில் எஞ்சியிருக்கும் காடு, பெரிதாயிருந்த சுங்கை பூலோ வனக்காப்பின் மிச்சம். ரோடும் வீடும் கடையும் தின்றது போக 300 ஹெக்டேர் சொச்சந்தான் மீதி. ஊரார் விடாமல் மன்றாடியதன் பேரில் 2010-ல் அது நிரந்தர வனக்காப்பாக அரசிதழில் ஏறிற்று. மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று 6-வது அத்தியாயம் போதிக்கின்றது. அப்படியானால் நாம் அவற்றின் அண்டை வீட்டார்; அண்டை வீட்டாரின் ஹக்கு எத்தகையதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுபுஹு தொழுதபின் பிள்ளைகளோடு புறப்படுங்கள். இன்னும் தூரம் போகக் கூடியவர்கள் கோலா சிலாங்கூர் மலாவத்தி குன்றுக்குச் செல்லலாம். அங்கே சாம்பல் நிறக் குரங்குகள், மஞ்சள் பொன்னாய்ப் பிறந்த குட்டிகளை மடியில் வைத்திருக்கும். அவை இலை தின்பவை. கடையிலிருந்து ரொட்டியும் மிட்டாயும் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.