பேரனுக்குக் கொடுத்த கமர்கட்டு

கமர்கட்டைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அங்கே ஒரு தாத்தாவோ பாட்டியோ வந்து சேர்ந்துவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். தாத்தாவின் மடியிலிருந்து வந்த கமர்கட்டு, பாட்டியின் சுருக்குப் பையில் வெற்றிலைக் காம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்த ஆரஞ்சு மிட்டாய் என்றெல்லாம் கேட்டிருக்கிறேனே தவிர, "என் அப்பா வாங்கிக் கொடுத்த கமர்கட்டு" என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாக்கள் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார்களா? கொடுத்திருப்பார்கள். ஆனால் அது நினைவில் நிற்பதில்லை. ஏன் என்று யோசிக்கப் புகுந்தபோது, மிட்டாய் விஷயம் அத்தனை தித்திப்பான விஷயமல்ல என்று எனக்குத் தோன்றியது.

முதலில் பண்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பிலேற்றிப் பாகு காய்ச்ச வேண்டும். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டி எடுத்துத் தட்டில் போட்டால் 'ணங்'கென்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம். அந்தச் சத்தம் வருமுன் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். சற்றுத் தாமதித்தால் கசந்துபோகும். தேங்காய்த் துருவலும் ஏலப் பொடியும் சேர்த்துக் கிளறி, கையில் நெய்யைத் தடவிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் கல். சர்க்கரை மிட்டாய் செய்கிறவர்கள் பாகை ஏறத்தாழ 150 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சுவதும் இதே தத்துவத்தில்தான். தண்ணீர் அநேகமாக முழுவதும் போய், சர்க்கரை கண்ணாடியைப் போல இறுகுகிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் பிசுபிசுக்கும். கடைக்காரர் ஜாடியை எப்போதும் மூடியே வைத்திருந்தது இதனால்தான். குழந்தைகளுக்குப் பயந்து அல்ல.

கமர்கட்டின் பெரிய குணம், அது சீக்கிரம் தீராது என்பது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் அரை மணி நேரத்துக்குப் பேச்சு எழாது. பங்கு போட வேண்டுமானால் சட்டைத் துணிக்குள் வைத்துக் காக்காய்க் கடி கடிக்க வேண்டும். விலையும் சொற்பம். 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வருவதற்கு முன்னால் காலணா, அதாவது ரூபாயில் 64-ல் ஒரு பங்கு. நான் சிறுவனாயிருந்த நாளில் ஐந்து காசு, பத்துக் காசு. 25 காசு வரையிலான நாணயங்கள் எல்லாம் 2011 ஜூன் 30-ம் தேதியோடு செல்லாக் காசாகிவிட்டன.

ஆனால் சில காலணாக்கள் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கின்றன.

என் பாட்டனாருக்கு ஆறு குழந்தைகள். என் தகப்பனார் நாலாமவர். பள்ளிக்கூட வாசலில் மிட்டாய் விற்ற கிழவியிடம் வாங்குவதற்கு அவர் காலணா கேட்டபோதெல்லாம், "பல்லு சொத்தையாப் போயிடும், போடா" என்ற பதில்தான் கிடைத்தது. சில நாள் முதுகில் ஓர் அடியும் கிடைத்தது. அதே பாட்டனார் 1980-களில் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது, வேட்டி மடியில் எனக்கு இரண்டு கமர்கட்டு கொண்டுவருவார். என் பல்லைப் பற்றி அவர் ஒருநாளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். பாட்டனார் காலமாகிப் பல வருஷங்கள் கழித்து, தம்முடைய அறுபதாவது வயதில், ஏதோ பேச்சுவாக்கில், "எனக்கு ஒரு தடவைகூட வாங்கித் தந்ததில்லை, தெரியுமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஐம்பது வருஷமாக ஒரு மனிதர் ஒரு காலணாவை ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்தச் சிரிப்பினால் மறைந்துவிடவில்லை.

மகனுக்குக் கொடுக்கத் தவறியதைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

தீர்ந்துவிடும் என்றுதான் உலகம் நம்புகிறது. "பேரனைக் கண்டதும் மனுஷர் எப்படி மாறிவிட்டார், பாருங்கள்!" என்று சந்தோஷப்படுகிறோம். ஜெர்மனியில் வெர்தர் என்ற ஊரில் 1903-ல் தொடங்கிய ஸ்டோர்க் கம்பெனி, அந்த ஊரின் பெயரிலேயே ஒரு வெண்ணெய் மிட்டாய் விற்கிறது. அதற்குத் தொலைக்காட்சியில் வந்த பெயர் பெற்ற விளம்பரத்தில் ஒரு தாத்தா, தமக்குத் தம்முடைய தாத்தா கொடுத்த முதல் மிட்டாயை நினைத்துக்கொண்டு, பேரனுக்கு ஒன்று கொடுப்பார். (அந்தப் பெயரில் மிட்டாய் வந்ததே 1969-ல்தான், அவருடைய பால்யத்தில் அது ஏது என்று கேட்கக் கூடாது.) பார்க்க உருக்கமான காட்சி. ஆனால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே ஒருவன் இருந்தாக வேண்டுமே, அவன் எங்கே? விளம்பரக்காரருக்கு அவன் தேவைப்படவில்லை. ஆபீசுக்குப் போயிருப்பான், பாவம்!

பாட்டனாருக்காக வாதாடுகிறவர்கள் வறுமையைச் சொல்வார்கள். ஆறு பேருக்குக் காலணா வீதம் தினம் ஒன்றரை அணா. மாதத்தில் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. சிறு சம்பளக்காரருக்கு அது சிறு தொகை அல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலணா கொடுக்காததற்கு வறுமை காரணமாகலாம். முதுகில் விழுந்த அடிக்கு ஆகாது. "இல்லையடா கண்ணா" என்று சொல்லக் காசு வேண்டாம். இங்கிலாந்தில் யுத்தத்தின்போது, 1942 ஜூலையில், மிட்டாய்க்கு ரேஷன் வந்தது. 1949-ல் சில மாதம் எடுத்துப் பார்த்தார்கள். கடைகள் காலியாகவே மறுபடி விதித்தார்கள். 1953 பிப்ரவரியில்தான் ஒரேயடியாக ஒழிந்தது. குழந்தைகள் ஏங்கித்தான் போயிருக்கும். ஆனால் அங்கே கட்டுப்பாடு விதித்தது சர்க்கார். தகப்பனுக்கும் சேர்த்தே விதித்தது. அந்த ஏக்கம் வேறு. இவருக்கு மனசு வரவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்கிற ஏக்கம் வேறு.

வளர்க்கிற பொறுப்புள்ளவன் கண்டிப்பான், பொறுப்பில்லாதவர் கொஞ்சுவார் என்பது இன்னொரு சமாதானம். இது பாதி உண்மை. பாட்டிமார்கள், "அப்பாகிட்டே சொல்லாதே" என்று முந்தானைக்குள்ளிருந்து கொடுக்கும்போது ஒரு சின்னப் பொய்யையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபமில்லை. ரகசியமில்லாத மிட்டாய்க்குப் பாதி ருசிதான். ஆனால் கண்டிப்பு வேறு, எரிச்சல் வேறு. ஆபீசில் பட்ட எரிச்சலைப் பிள்ளை முதுகில் இறக்கிவிட்டு, அதை வளர்ப்பின் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமில்லை.

கடைசியாக, பேரனிடம் காட்டும் அன்பு ஒருவகைப் பிராயச்சித்தம் என்பார்கள். இங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. ஒருவரிடம் பட்ட கடனை இன்னொருவரிடம் கட்டிவிட்டு ரசீது கேட்டால் எந்தக் கோர்ட்டும் ஒப்பாது. கடன் கொடுத்தவனே, "அவரிடம் கொடுத்துவிடு, எனக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால்தான் செல்லும். அந்தச் சம்மதத்தை மகனிடம் கேட்ட தாத்தாவை நான் கண்டதில்லை. மகாபாரதத்து யயாதி தன் மூப்பைக் கொடுத்துவிட்டு மகன் பூருவிடமிருந்து இளமையை வாங்கிக்கொண்டான். ஆயிரம் வருஷம் அனுபவித்துச் சலித்த பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தான். பூருவின் பிள்ளையிடம் அல்ல, பூருவிடமே. ராஜ்யத்தையும் சேர்த்துக் கொடுத்தான்.

பேரனுக்குக் கொடுத்தது நல்ல காரியந்தான். அந்தத் தித்திப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அனுபவித்தவன் நானல்லவா? ஆனால் அது புதிய தானம். பழைய கடனில் வரவு வைக்கக் கூடாது. மகனுக்கு வரவேண்டியிருந்தது மிட்டாய்கூட அல்ல. "அப்போ உன்னை அடிச்சுட்டேனடா" என்று ஒரு வார்த்தை. மடியிலிருந்து கமர்கட்டை எடுக்கக் கை வருகிறது; இதைச் சொல்ல நம் பெரியவர்களுக்கு வாய் வருவதில்லை.

பழைய இந்துச் சட்டத்தில், தகப்பனும் பாட்டனும் பட்ட கடனை மகனும் பேரனும் தீர்க்கக் கடமைப்பட்டவர்கள். 2005-ல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்குப் பிறகு வாங்கும் கடன்களுக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். என் பாட்டனாரின் கடன் அதற்கு வெகு காலம் முந்தியது.

இப்போது பழைய மிட்டாய்களையெல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, என் பிராயத்துக்காரர்களைக் குறிவைத்தே விற்கிறார்கள். சென்ற மாதம் ஒரு டப்பாக் கமர்கட்டு வாங்கிக்கொண்டுபோய்த் தகப்பனாரிடம் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்குடா? உன் பிள்ளைக்குக் கொடு" என்றார்.

"அவனுக்கு வேறே இருக்கு, அப்பா. இது உங்களுக்கு. தாத்தா கணக்கிலே" என்றேன்.

டப்பாவைத் திருப்பித் திருப்பி விலையைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு அவர் ஒன்றும் பேசவில்லை.