மேலே குளிர், கீழே சூடு



ஒக்ரோபர் கடைசி ஞாயிறு. கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளிவிட்டு வந்திருக்கிறோம். இனி மாலை ஐந்து மணிக்கு முன்பே இலண்டன் இருட்டிவிடும். பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது நீங்கள் ஒருவரையொருவர் கேட்பது என் காதிலும் விழுகிறது: "ஹீற்றர் போடத் தொடங்கியாச்சோ?" யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மார்கழிப் பனியை ஒரு போர்வையோடு சமாளித்த மக்கள் நாம். குளிருக்கு முன்பே வீட்டை ஆயத்தப்படுத்த இங்கே வந்துதான் படித்தோம்.

போன கிழமை பங்குமனையில் நானும் ஹீற்றரைப் போட்டேன். எல்லா அறையும் சூடாகியது, நான் செபிக்கிற சின்ன அறையைத் தவிர. அந்த றேடியேற்றரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடத்தான் வேண்டும் என்று நினைத்து, நம் பங்குச் சகோதரர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்து றேடியேற்றரின் அடிப்பக்கத்தில் வைத்தார். நல்ல சூடு. பிறகு மேல்பக்கத்தில் வைத்தார். கிணற்றுக் கட்டைத் தொட்டதுபோலக் குளிர்ந்தது. "பாதர், இது பழுதில்லை. மேல காத்து அடைச்சுப்போய் நிக்குது" என்றார்.

ஹீற்றரை நிறுத்தி ஆறவிட்டார். மேல் மூலைக்குக் கீழே ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொண்டு, விரல் நீளம்கூட இல்லாத ஒரு திறப்பால் அங்கிருந்த ஆணியைக் கால் சுற்றுத் திருப்பினார். ஸ்ஸ் என்று காற்று வெளியேறத் தொடங்கியது. இவ்வளவு காற்றா உள்ளே இருந்தது என்று வியக்கும் அளவுக்கு நெடுநேரம் போனது. கடைசியில் கறுப்புத் தண்ணீர் நாலு சொட்டு வந்தது, உடனே பூட்டினார். பொயிலரின் அழுத்தம் காட்டும் முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்க வேண்டுமாம். கொஞ்சம் இறங்கியிருந்ததால் தண்ணீர் ஏற்றிவிட்டுப் போனார்.

அன்றிரவு அந்த அறையில் உட்கார்ந்தபோது செபத்தில் மனம் ஒன்றவில்லை. நெருப்பு அணைந்திருக்கவில்லையே. சுடுதண்ணீரும் வந்துகொண்டுதானே இருந்தது. வந்த சூடு ஏற இடமில்லாமல் பாதியில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அன்புக்குரியவர்களே, நமக்குள் எந்த மூலையில் எத்தனை வருடத்துக் காற்று அடைபட்டுக் கிடக்கிறது? ஊர்க் காணிக்காகக் கூடப்பிறந்தவரோடு பேச்சை நிறுத்தி எவ்வளவு காலம்? ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறோம். அருள் வராமல் இல்லை. ஆனாலும் வீட்டில் நம் அருகே வருகிற பிள்ளைக்கு அந்தச் சூடு தெரிகிறதா?

உங்களை வருத்துவதற்காக இதைக் கேட்கவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரத் தயங்குகிறவர்களை எனக்குத் தெரியும். கறுப்புத் தண்ணீர் வரும் என்ற வெட்கம் வேண்டாம். அந்தச் சகோதரர் அதற்காகத்தானே முதலிலேயே துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டுபோன இரவு குளிராய் இருந்தது என்று யோவான் மறக்காமல் எழுதுகிறார். தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்து நின்றபோதுதான் பேதுருவின் மறுதலிப்பு நடந்தது. அதே யோவான் இன்னொரு கரிநெருப்பையும் காட்டுகிறார். திபேரியக் கடற்கரை, விடியற்காலை, தண்ணீருக்குள் குதித்து நனைந்தபடி கரையேறுகிறார் பேதுரு. அங்கே நெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாய் இருக்கின்றன. ஆண்டவர் முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான், "என்மேல் அன்பு உண்டா" என்று பேதுருவிடம் கேட்டார். இந்த ஒழுங்கை நான் எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். குளிரில் நடுங்கி நின்றவனிடம் அவர் கணக்குக் கேட்கவில்லை.

நம் பங்கில் ஒரு முதிய தாயாரின் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் சூடாக இருந்தது கேற்றில் மட்டும்தான். பில் வருமே என்ற பயம். பிள்ளைகள் ஃபோன் எடுத்தால், "எனக்குக் குளிரேல்லை ராசா" என்பாராம். அப்படிப்பட்டவர்களிடம் போனால், "ஏன் ஹீற்றர் போடேல்லை?" என்று தொடங்காதீர்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். ஆண்டவர் மூட்டிய கரிநெருப்பு வெட்டவெளியில் எரிந்தது. காசு மிச்சம் பிடிக்கவென்று ஒருவரும் கரியடுப்பை வீட்டுக்குள் வைத்துக் குளிர்காய வேண்டாம். காபன் மொனொக்சைட் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, உயிரை எடுத்துவிடும். அதற்கான அலாரத்தின் பொத்தானை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். பொயிலரைத் திறந்து பார்க்கும் வேலையை 'காஸ் சேஃப்' பதிவு உள்ளவரிடம் விடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை.

பூசை முடிந்ததும் நம் சகோதரர் அந்தச் சின்னத் திறப்போடு பின்வாசலில் நிற்பார். தனியாக இருக்கும் பெரியவர்கள் அவரிடம் பெயரைக் கொடுங்கள். கூடப்போகக்கூடிய இளையோர் அவர் பக்கத்தில் நில்லுங்கள். அந்தத் தாயாரின் வீட்டுக்கு நானும் வருகிறேன். தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார். ஒருவரும் அவசரப்பட்டு எழும்ப வேண்டாம்.